வேல்ராஜ் ஏறிய சுவர்

ராஜஸ்தான் படப்பிடிப்பு முகாம்
12.11.2023

அன்புள்ள எப்சிபா அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

போனில் கூப்பிடாமல் கடிதம் எழுதுகிறானே என்று பார்க்காதே. யாரோ ஒருவன் ஹீரோவின் வேஷத்தைப் படம் பிடித்து வெளியே விட்டுவிட்டான். அன்றிலிருந்து வாசலிலேயே எல்லோர் போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டுகிறார்கள். கையில் இருந்தாலும் பிரயோஜனமில்லை, இந்தப் பாலைவனத்தில் டவர் கிடையாது. மூன்று நாளைக்கு ஒரு முறை டவுனுக்குப் போகிற வேனில் தபால் கொடுத்துவிடலாம்.

இந்திப் படம். வெள்ளைக்காரன் காலத்துக் கதை. ஹீரோ ஒரு கொள்ளைக்காரன். கடைசியில் கோட்டைக்குள் புகுந்து வெள்ளைக்காரனின் ஆயுதக் கிடங்கைக் கொளுத்துகிறான். எனக்கு வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்குகிற சிப்பாய் வேஷம். சிவப்புக் கம்பளிக் கோட்டு. வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் முதுகில் வியர்வை ஓடுவது தெரியும். வெள்ளைக்காரர்கள் நாலே பேர்தான், அவர்களுக்கு ஏசி வண்டி. அவர்களுக்காக அடி வாங்குகிற நூற்றிருபது பேரும் நம் நாட்டு ஆட்கள்.

என் கூடாரத்தில் ராயகிரி வேல்ராஜ் அண்ணன் இருக்கிறார். நம் பக்கத்து ஆள் என்பதால் எனக்குப் பேச்சுத் துணை. எங்கள் இரண்டு பேரையும் யூனியனில் சேர்த்துவிட்ட கடையநல்லூர் பாதுஷா அண்ணன்தான் இங்கே துணை ஃபைட் மாஸ்டர்.

ஒரு விஷயம். அம்மாவிடம் சொல்லாதே. அடுத்த மாதம் கோட்டைச் சுவர் ஷாட். நாற்பது அடி உயரத்தில் நிற்கிற சிப்பாயைக் குண்டு வெடித்ததும் கயிற்றால் இழுத்து வெளியே தூக்கி எறிவார்கள். படத்திலேயே பெரிய ஷாட் அதுதான். யாரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது மாஸ்டர் என் பெயரைத்தான் சொன்னார்.

அன்புடன்
பிரவின்ராஜ்


சங்கரன்கோவில்
24.11.2023

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே மூவரும் சுகம். அம்மா அந்த வீங்கிய முழங்காலோடுதான் சர்ச்சுக்கும் கடைக்கும் நடக்கிறாள். பூ மார்க்கெட்டில் யாரைப் பார்த்தாலும், "எம்மவன் இந்திப் படத்துல இருக்கான்" என்கிறாள்.

தாலுகா ஆபீஸ் எதிரே என் ஜெராக்ஸ் கடை எப்போதும்போல் ஓடுகிறது. பட்டா மனு, வாரிசு மனு, ரேஷன் கார்டு மனு. நாள் முழுவதும் ஊரார் குறைகளை டைப் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். நாற்பது அடி என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். வாசித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைக்கு எதிரே இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, இது எத்தனை அடி இருக்கும் என்று வாடிக்கையாளரிடம் கேட்டேன்.

உனக்குப் பயமாக இல்லையா? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

எப்சிபா


முகாம்
20.12.2023

அக்காவுக்கு,

நான் நலம். கவலைப்படாதே.

வேல்ராஜ் அண்ணன் இறந்துவிட்டார். பதினைந்தாம் தேதி, விபத்து. எனக்கு அன்று தோளில் பிடிப்பு, வேலை செய்ய முடியவில்லை. உடலை விமானத்தில் மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பாதுஷா அண்ணன் கூடப் போயிருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. அம்மாவுக்கு முத்தம்.

பிரவின்


சங்கரன்கோவில்
2.1.2024

அன்புத் தம்பிக்கு,

புது வருஷத்தில் கர்த்தர் உன்னைக் காக்கட்டும். உன் தோள் எப்படி இருக்கிறது? சூடு ஒத்தடம் கொடுக்கிறாயா?

கடிதம் கிடைத்த மறுநாளே ராயகிரிக்குத் துஷ்டி கேட்கப் போனேன். புளியங்குடியில் பஸ் மாறி, வாசுதேவநல்லூரில் இன்னொரு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அவர் மனைவி பெயர் சுப்புத்தாய். என் வயதுதான் இருக்கும். அழுது முடித்திருந்தாள். உன் அக்கா என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க தம்பி கூடத்தான படுத்து எந்திரிச்சாவ? கடைசியா என்ன சொன்னாவன்னு தம்பிக்குத் தெரியுமே. கேட்டுச் சொல்லுதீங்களா?"

கேட்டு எழுதச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. எழுது.

எப்சிபா


சங்கரன்கோவில்
30.1.2024

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ?

நாலு வாரமாகப் பதில் இல்லை. பம்பாய்க்கு வந்துவிட்டாய் என்று பாதுஷா அண்ணாச்சி வீட்டில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். போன் செய்தால், "அக்கா, ஷாட் ரெடி" என்று வைத்துவிடுகிறாய். பிள்ளைக்கு ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று அம்மா கேட்கிறாள். போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை, அதனால்தான் மறுபடியும் காகிதம்.

நேற்று சுப்புத்தாய் கடைக்கு வந்தாள். படக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்தாள். நான் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். இறந்தவரின் பெயர் அன்றைய ஷாட் பட்டியலில் இல்லை. அந்த ஷாட் வேறொரு தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. இறந்தவர் யாரிடமும் சொல்லாமல் தானாகவே சுவரில் ஏறியிருக்கிறார். ஆகவே கம்பெனி பொறுப்பாகாது.

அவள் சத்தம் போடவில்லை. "எங்க வீட்டு ஓட்டுல ஏறி ஒழுக்கு அடைக்கச் சொன்னாக்கூட ஏணிய ஒராளு பிடிச்சாத்தான் ஏறுவாவ. அவியளா தானா ஏறுனாவ?" என்று மட்டும் கேட்டாள்.

திருநெல்வேலி தொழிலாளர் ஆபீஸுக்கு மனு எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். எழுதப்போகிறேன். அன்று நீ எங்கே நின்றாய், என்ன பார்த்தாய், எழுது.

எப்சிபா


மும்பை, தாராவி
18.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். தோள் சரியாகிவிட்டது. அம்மாவுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், இளஞ்சூடாக்கித் தேய்க்கச் சொல்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. இதே கம்பெனி அடுத்த படத்தில் ஹீரோவுக்கு டூப் போட என்னைக் கேட்டிருக்கிறார்கள். எட்டு வருஷமாகக் கூட்டத்தில் நின்றவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாராவியில் தண்ணீர் இப்போது ஒழுங்காக வருகிறது. பக்கத்து அறைப் பையன்கள் எல்லோரும் நம் ஜில்லாக்காரர்கள்தான். பொங்கலுக்குக் கரும்பு வாங்கினோம்.

அந்த மனு விஷயத்தில் நீ தலையிடாதே அக்கா. கம்பெனியே அவர்கள் குடும்பத்துக்கு ஏதாவது செய்யும் என்கிறார்கள். மனு, வழக்கு என்று போனால் அதுவும் நின்றுவிடும். டைப் அடிக்க ஊரில் வேறு கடையா இல்லை?

அன்று தூசி அதிகம். எதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை.

பிரவின்


சங்கரன்கோவில்
27.2.2024

பிரவின்,

அம்மா சுகம். தைலம் வந்தது.

உன் நவம்பர் கடிதத்தை எடுத்து வைத்து மறுபடியும் வாசித்தேன். கோட்டைச் சுவர் ஷாட்டுக்கு மாஸ்டர் என் பெயரைத்தான் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய்.

கம்பெனி காகிதத்தில் வேறொரு தொழிலாளி என்று எழுதியிருக்கிறது. அது யார் என்று நான் சுப்புத்தாயிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் புதன்கிழமைதோறும் வருகிறாள். மனு எழுதி முடித்தாயிற்றா என்று கேட்கிறாள். பிரிண்டரில் மை இல்லை என்கிறேன், கரண்ட் இல்லை என்கிறேன். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவள், இவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னால்.

எப்சிபா


மும்பை
9.4.2024

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் இல்லை.

இந்தக் கடிதத்தை ஒரு மாதமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன்.

பதினைந்தாம் தேதி மத்தியானம் சுவரின் மேல் ஏறி ஒத்திகை பார்த்தேன். இடுப்பில் பெல்ட், அதில் கயிறு. கயிறு கிரேன் வழியாகப் போய் மறுபக்கம் எடைக் கற்களில் முடிகிறது. குண்டு வெடித்ததும் எடையை விடுவார்கள், கயிறு நம்மை வெளியே இழுத்து எறியும். அது என் எடைக்காகக் கணக்குப் போட்டுக் கட்டியது. ஒத்திகையில் மெதுவாக இறக்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேலே நின்று கீழே பார்த்தபோது என் கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. எட்டு வருஷத்தில் அப்படி வந்ததே இல்லை. கூடாரத்துக்குப் போனேன். தண்ணீர் குடித்தேன். வெளியே வந்தேன். மறுபடியும் உள்ளே போனேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

வேல்ராஜ் அண்ணன் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். "ஏலே, என்ன அங்கனயும் இங்கனயும் அலையுத?" என்றார்.

"தோளு பிடிச்சிருக்கு அண்ணே. கையத் தூக்க முடியல" என்றேன்.

தோளில் ஒன்றுமே இல்லை அக்கா. பயம். பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. மாஸ்டர் என் பெயரைச் சொன்னதை நூற்றிருபது பேரும் கேட்டிருந்தார்கள்.

அவர் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தார். "சரி, நான் ஏறுதேன். நீ சும்மா கெட" என்றார். இரண்டு பேருமாகப் பாதுஷா அண்ணனிடம் போனோம். அவர் வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. "முகமா தெரியப்போவுது? யாரு விழுந்தா என்ன, சட்டுனு ஏறச் சொல்லு" என்றார். பட்டியலை யாரும் திருத்தவில்லை. கற்களையும் யாரும் குறைக்கவில்லை. வேல்ராஜ் அண்ணன் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோ குறைவு, அதே கல் அவரை இன்னும் வேகமாகச் சுண்டிவிடும். அது எனக்குத் தெரியும். அவர் பெல்ட் மாட்டும்போது அது என் நினைவுக்கும் வந்தது. சொன்னால் ஷாட் நிற்கும், தோளைக் காட்டு என்று டாக்டரைக் கூப்பிடுவார்கள் என்றும் நினைத்தேன். சொல்லவில்லை.

குண்டு வெடித்தது. கயிறு அவரை வெளியே எறியவில்லை. மேலே சுண்டிப் பக்கத்துக் காவல் கோபுரத்தில் அடித்தது. கீழே போட்டிருந்த மெத்தையில் அவர் வந்து விழவே இல்லை. கயிற்றிலேயே தொங்கினார்.

தூசி எல்லாம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் பார்த்தேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "உன் இடத்தில் அவன் தானாக ஏறியிருக்கிறான், உனக்குத் தெரியாது, அப்படித்தானே?" என்று இந்தியில் கேட்டார். தலையை ஆட்டினேன். ஒரு காகிதத்தில் கையெழுத்தும் போட்டேன். ஹீரோவுக்கு டூப் வேலை அதற்கப்புறம்தான் வந்தது.

அவர் கடைசியாக என்னிடம் சொன்னது, "நீ சும்மா கெட." அவர் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

பிரவின்


சங்கரன்கோவில்
2.5.2024

தம்பிக்கு,

அம்மா சுகம். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. அத்தானுக்குச் சொன்னேன். அவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ராயகிரிக்குப் போனேன். பஸ்ஸில் இறங்கியதிலிருந்து இரண்டு தரம் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். சுப்புத்தாய் நெல் காயப்போட்டிருந்தாள். அவள் முன்னால் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். கயிறு வந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன். "வாசிங்க" என்றாள். வாசித்தேன்.

முடிந்ததும் எழுந்துபோய் நெல்லைக் காலால் கிளறிவிட்டாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. நான் நிற்பதா போவதா என்று தெரியாமல் நின்றேன். பிறகு அங்கிருந்தே பேசினாள்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்லா. அவிய அதுக்கும் ஏறியிருப்பாவ."

என்னை வாசல்வரை வந்து அனுப்பவில்லை. இரண்டு புதன்கிழமைகள் கடைக்கு வரவில்லை. நேற்று வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மனுவ அடிங்க. ஒங்க தம்பி எழுதுனதையும் சேத்து வைங்க. ஆனா காயிதம் மட்டும் போதாது. அங்க ஆபீசர் முன்னாடி ஆளா வந்து சொல்லணும். எங்கண்ணு முன்னாடி சொல்லணும். அதுவரைக்கும் எங்கிட்ட அவனப்பத்திப் பேசாதீங்க."

மனுவை நேற்றே அடித்துக் கொடுத்துவிட்டேன். மையும் இருந்தது, கரண்டும் இருந்தது.

உனக்கு நான் புத்தி சொல்லப்போவதில்லை. வருவாயா என்று மட்டும் எழுது.

எப்சிபா


மும்பை
14.5.2024

அக்காவுக்கு,

வருவேன். தேதி வந்ததும் சொல்.

முதலில் போட்ட கையெழுத்து பொய் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். டூப் வேலை போயிற்று. பாதுஷா அண்ணனைப் பார்த்தேன். அவருக்கும் தூக்கம் இல்லையாம். "நீ செஞ்சது சரிடே. நான் எழுத மாட்டேன். மூணு புள்ளைங்க இருக்கு" என்றார். எழுந்து வந்துவிட்டேன். அவர்மேல் கோபம் வரவில்லை. நானும் நாலு மாதம் அதே இடத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவிடம் நீ சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்கிறேன்.

பிரவின்


சங்கரன்கோவில்
28.1.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா இப்போது கைத்தடி வைத்துக்கொண்டாள். இப்போது வேலை பார்க்கிற குடோனில் உனக்குச் சாப்பாட்டு வசதி எப்படி? குளிருக்கு ஸ்வெட்டர் அனுப்பட்டுமா?

செப்டம்பரில் முந்தின நாள் அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டு விசாரணைக்கு வந்தவன், அது முடிந்ததும் நேரே திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய் ரயில் ஏறிவிட்டாய். அதனால் உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். "தோள்வலி என்று ஏன் சொன்னீர்?" என்று கம்பெனி வக்கீல் கேட்டபோது, "பயந்துட்டேன் சார். அவரு எனக்காவ ஏறுனாரு. மாஸ்டர்ட்ட கேட்டுத்தான் ஏறுனாரு" என்று சத்தமாகச் சொன்னாயே, அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த சுப்புத்தாய் அப்போதுதான் தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தாள். நீ அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

போன வாரம் ஆணை வந்தது. அவளுக்குச் சேர வேண்டியதைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். அவள் அதைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. 'வேல்ராஜ் பணியின்போது, மேலதிகாரியின் அனுமதியுடன் சுவரில் ஏறியிருக்கையில் இறந்தார்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொல்லி முந்தானையில் வைத்துக்கொண்டாள். ஊரில் தானாக ஏறிச் செத்தான் என்று ஒரு வருஷமாகப் பேசியிருக்கிறார்கள். அவர்களிடம் காட்ட.

குடியரசு தினத்துக்கு அந்தப் படம் தமிழில் டப்பிங் ஆகி நம் ஊர் தியேட்டருக்கு வந்துவிட்டது. எனக்குப் பார்க்க மனமில்லை. ஆனால் சுப்புத்தாயே ராயகிரியிலிருந்து வந்து நின்றாள். "எனக்குப் பாக்கணும். கூட வாங்க" என்றாள். அம்மாவும் கிளம்பிவிட்டாள். மூன்று பேரும் மத்தியான ஆட்டத்துக்குப் போனோம்.

தியேட்டரில் ஒரே விசில். சிப்பாய்கள் வரும்போதெல்லாம் சுப்புத்தாய் நாற்காலி நுனிக்கு வந்து முகம் முகமாகத் தேடினாள். வேல்ராஜ் எங்கேயும் அகப்படவில்லை. உன்னை மட்டும் ஒரு தரம் அம்மா கண்டுபிடித்தாள். எழுந்து கத்தப்போனவள், பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கோட்டை வந்தது. வெளியே போய்விடலாமா என்று கேட்டேன். அவள் தலையசைத்து மறுத்தாள். சுவர்மேல் ஒரு சிப்பாய் நின்றான், குண்டு வெடித்தது, அவன் வெளியே பறந்து விழுந்தான். தியேட்டரே கைதட்டியது. அவள் கண்ணை மூடவே இல்லை.

"இது அவிய இல்ல" என்றாள். "வேற ஆள வச்சுத் திரும்ப எடுத்திருக்காவ." பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "இவன் எந்திரிச்சிருப்பான்லா?" என்று கேட்டாள்.

"எந்திரிச்சிருப்பான்" என்றேன்.

அவளை வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். புளியங்குடி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. படியில் ஏறினவள் ஒரு காலைக் கீழே வைத்துத் திரும்பினாள். விசாரணைக்குப் பிறகு உன்னைப் பற்றி அவள் பேசியது அப்போதுதான்.

"ஒங்க தம்பி இப்ப என்ன வேல பாக்கான்?"

"குடோன்ல. மூட்டை அடுக்குதான்."

"தரையிலயா?"

"தரையிலதான்."

"அப்படியே இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. பஸ் திரும்புகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அவள் சொன்னதில் நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

உன் அக்கா
எப்சிபா